பிரெலூட் டைப் ஆர் வருமா? சஸ்பென்ஷனை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள்

ஆறாம் தலைமுறை ஹோண்டா பிரெலூட் 2025 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கூடவே, ஹோண்டா தன் வேகமான கார்களுக்கு ஒட்டும் டைப் ஆர் பேட்ஜ் இதற்கும் வருமா என்ற பேச்சும் வந்துவிட்டது. காரணத்தைத் தேட வேண்டியதில்லை. முன்பக்கம் சிவிக் டைப் ஆரின் இரட்டை அச்சு ஸ்ட்ரட், அதே குடும்பத்து அடாப்டிவ் டாம்பர் (ஷாக் அப்சார்பர்), 350 மில்லிமீட்டர் டிஸ்க்கைக் கவ்வும் நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர் என்று விலை கூடிய சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே காருக்கு அடியில் இருக்கின்றன. அவற்றின் மேல் உட்கார்ந்திருப்பதோ சிக்கனத்துக்காக வடிவமைத்த 2 லிட்டர் அட்கின்சன் இன்ஜினும் இரண்டு மோட்டார்களும். சக்கரத்தை ஓட்டும் மோட்டார் 184 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), 315 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தனியாக 141 பிஎஸ். அமெரிக்காவில் மொத்தம் 200 குதிரைத்திறன் என்று சொல்லி விற்கிறார்கள். 330 பிஎஸ் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு 200 போதுமா, மிச்சம் எப்போது வரும் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள்.

கேட்பதில் தப்பில்லை. ஆனால் சஸ்பென்ஷனை ஆதாரமாகக் காட்டுவதில் அர்த்தமில்லை. சிவிக் டைப் ஆரும் பிரெலூட்டும் சைதாமா மாகாணத்தின் யோரி தொழிற்சாலையில்தான் தயாராகின்றன. இரட்டை அச்சு ஸ்ட்ரட்டின் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்), டாம்பர் ஃபோர்க், லோயர் ஆர்ம் எல்லாம் அந்த லைனுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் பாகங்கள். ஜப்பானில் மாதம் 300 கார் என்று இலக்கு வைத்த ஒரு கூபேக்காகப் புதிதாக ஒரு முன் சஸ்பென்ஷனை வடிவமைத்து, சோதித்து, அச்சு வார்த்து எடுப்பதைவிட அலமாரியில் இருப்பதை எடுத்து மாட்டுவது மலிவு. அதனால் அந்த ஸ்ட்ரட் ஹோண்டாவின் கணக்குப்பிள்ளை எப்படி யோசித்தார் என்பதைத்தான் காட்டுகிறது. அடுத்த மாடலில் என்ன வரும் என்பதற்கு அதில் சாட்சி இல்லை.

இரட்டை அச்சு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதை வைத்துத்தான் பாதி வாதம் நடக்கிறது. சாதாரண மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டாம்பரும் சேர்ந்து திரும்பும். திரும்பும் அச்சு மேலே ஸ்ட்ரட் மவுண்டிலிருந்து கீழே பால் ஜாயிண்ட் வரை சாய்ந்து போகிறது. சக்கரத்தின் மையம் அந்தக் கோட்டிலிருந்து கணிசமான தூரம் வெளியே நிற்கும். முன்சக்கர டிரைவில் இழுவிசை இந்தத் தூரத்தால் பெருகி ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடுங்குகிறது. டார்க் ஸ்டீர் என்பது இதுதான். இரட்டை அச்சில் டாம்பர் ஃபோர்க் திரும்பாமல் நிற்கும். நக்கிள் மட்டும் சக்கரத்துக்கு மிக அருகில் உள்ள இரண்டு பால் ஜாயிண்டுகளில் திரும்பும். தூரம் குறைவதால் பிடுங்கலும் குறைகிறது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கைக் கொடுக்கும் என்பதால் ஹைப்ரிட்டுக்கும் இது பயன்படத்தான் செய்கிறது. ஆக, டர்போ வந்தால்தான் இதற்கு வேலை என்ற வாதமும் நிற்காது.

பிரெலூட்டின் பழைய கதையைப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். 1978 முதல் 2001 வரை ஐந்து தலைமுறைகள் வந்தன. ஒன்றில்கூட டைப் ஆர் இல்லை. பெயருக்கு மரியாதை இல்லாத காலமும் இல்லை அது. 1992-இல் என்எஸ்எக்ஸ், 1995-இல் இன்டெக்ரா, 1997-இல் சிவிக் என்று சிவப்பு பேட்ஜ் வரிசையாக வந்த அந்தக் காலத்தில்தான், 1996-இல், ஐந்தாம் தலைமுறை பிரெலூட்டும் விற்பனைக்கு வந்தது. அதற்குக் கிடைத்தது டைப் ஆருக்கு ஒரு படி கீழான டைப் எஸ். 2157 சிசி எச்22ஏ விடெக் இன்ஜின், 220 பிஎஸ், கூடவே இடது வலது சக்கரங்களுக்கு டார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் ஏடிடிஎஸ். அதற்கு முன் 1987-இல் நான்கு சக்கர ஸ்டீயரிங். இப்போது எஸ்+ ஷிஃப்ட் என்ற பெயரில், இல்லாத எட்டு கியர்களை இருப்பதுபோல் உணரவைக்கும் மென்பொருள். புதுத் தொழில்நுட்பத்தை முதலில் காட்டும் மேடையாகவே ஹோண்டா பிரெலூட்டை நடத்தி வந்திருக்கிறது. டைப் ஆரின் வழி நேர் எதிர்: இன்டெக்ராவில் சத்தத்தடுப்புப் பொருளை உரித்தார்கள், முன் கண்ணாடியைக்கூட மெல்லியதாக்கினார்கள். முதலில் எடையைக் குறை, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது அந்த பேட்ஜின் விதி. பேட்டரியும் இரண்டு மோட்டாரும் சுமக்கும் காருக்கு அதை ஒட்டுவது ஹோண்டாவுக்கே கசக்கும்.

சரி, வேகமான பிரெலூட் என்று ஒன்று வந்தால் எந்த வழியில் வரும்?

ஹைப்ரிட்டையே முறுக்குவது

நிறையப் பேர் இதை எளிய வழி என்று நினைக்கிறார்கள். மென்பொருளில் எண்ணை மாற்றினால் 250 பிஎஸ் கிடைத்துவிடும் என்ற நினைப்பு. கிடைக்காது.

பிரெலூட்டில் உள்ள ஹோண்டாவின் இ:எச்இவி ஹைப்ரிட் அமைப்பில் பெரும்பாலான நேரம் இன்ஜின் சக்கரத்தோடு இணைந்திருப்பதே இல்லை. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது, இழுவை மோட்டார் சக்கரத்தை ஓட்டுகிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜின் ஒரே விகிதத்தில் நேரடியாக ஓட்டும். முழுத் த்ராட்டிலில் சக்கரத்துக்குப் போகும் திறனுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று மோட்டாரின் உச்சம், 135 கிலோவாட். இன்னொன்று ஜெனரேட்டர் தருவதும் பேட்டரி தருவதும் சேர்ந்த தொகை. 141 பிஎஸ் என்பது 104 கிலோவாட். மாற்றும்போது கொஞ்சம் இழப்பும் உண்டு. ஆக, மோட்டாரின் உச்சத்தைத் தொட பேட்டரி சுமார் 40 கிலோவாட் கொடுத்தாக வேண்டும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவோ சுமார் 1 கிலோவாட்-மணி. அதை முழுவதும் வடித்தாலே 40 கிலோவாட் வீதம் 90 விநாடிதான் வரும். ஹைப்ரிட் பேட்டரியை யாரும் அப்படி முழுவதும் வடிப்பதில்லை. நடுவில் உள்ள ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்துவார்கள். அதனால் நிஜத்தில் நேரம் இன்னும் குறைவு. ரேஸ் டிராக்கில் நீளமான நேர்பாதை அடுத்தடுத்து வந்தால் பேட்டரி சாய்ந்துவிடும். அதன்பின் இன்ஜினிடம் இருப்பதுதான் கையிருப்பு.

இப்போது 250 பிஎஸ், அதாவது 184 கிலோவாட் மோட்டார் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் அதே 104-இல் நின்றால் 80 கிலோவாட்டுக்கு மேல் பேட்டரி தலையில் விழுகிறது. பேட்டரி பெரிதாக வேண்டும், இன்வெர்ட்டர் பெரிதாக வேண்டும், அவற்றைக் குளிர்விக்கும் சுற்றும் பெரிதாக வேண்டும். பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிக்கு ஒதுக்கிய இடம் கைக்குட்டை அளவு. எடையும் ஏற்கெனவே ஜப்பான் மாடலில் 1460 கிலோ. இதைவிட நீளமான, நான்கு கதவும் ஹேட்ச்சும் உள்ள சிவிக் டைப் ஆர் 1430 கிலோதான் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹைப்ரிட் பாதையில் எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது ஒன்றே: பின் அச்சில் ஒரு மோட்டார். அடுத்த தலைமுறை இ:எச்இவிக்கு மின்சார ஆல் வீல் டிரைவ் அமைப்பு உருவாகிறது என்று ஹோண்டா 2024 டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னது. உச்சத் திறன் பெரிதாக ஏறாவிட்டாலும், வளைவிலிருந்து வெளியேறும்போது முன் டயர்களின் சுமை குறையும். ஏடிடிஎஸ் செய்ய நினைத்ததை மின்சாரத்தில் செய்யலாம். பிரெலூட்டின் குணத்துக்கும் அது பொருந்தும். ஆனால் அதற்கு இப்போதைய பின்பக்கத் தளத்தை வெட்டி மாற்ற வேண்டும். ஆண்டு நடுவில் வரும் சிறப்புப் பதிப்புக்கு அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். முழு மாற்றத்தின்போது செய்யலாம்.

கே20சி1-ஐ இறக்குவது

கே20சி1 என்பது சிவிக் டைப் ஆரின் டர்போ இன்ஜின். எல்லோரும் ஆசைப்படுவது இதைத்தான். 1996 சிசி, 9.8க்கு 1 கம்ப்ரெஷன், ஜப்பானிய எஃப்எல்5-இல் (2022-இல் வந்த சிவிக் டைப் ஆர்) 330 பிஎஸ், 2600 முதல் 4000 ஆர்பிஎம் வரை 420 நியூட்டன் மீட்டர். இன்ஜின் ஒஹாயோவின் அன்னா ஆலையில் தயாராகி யோரிக்குக் கப்பலில் வருகிறது. அக்யூரா இன்டெக்ரா டைப் எஸ்-க்கும் இதே இன்ஜின்தான், அங்கே 320 குதிரைத்திறன். மூன்றாவதாக ஒரு கார் சேர்ந்தால் செலவு இன்னும் பரவும் என்பது இந்தக் கட்சியின் வலுவான வாதம். ஐரோப்பாவில் 40 கார்கள் மட்டும் கொண்ட அல்டிமேட் எடிஷனோடு டைப் ஆர் கடையைக் கட்டிவிட்ட நிலையில் ஆலைக்கும் வேலை தேவைதான்.

இன்ஜின் உள்ளே போகுமா என்றால் போகும். பிரெலூட்டின் அடித்தளம் சிவிக்கினுடையது, முன்பக்க அமைப்பு டைப் ஆரினுடையது. மவுண்ட் பிரச்சினை பெரிதல்ல. பிரச்சினை வெப்பம்.

104 கிலோவாட் அட்கின்சன் இன்ஜினை எடுத்துவிட்டு 243 கிலோவாட் டர்போவை வைத்தால் ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டும். பிரெலூட்டின் மூக்கு தாழ்வானது, மெல்லியது. முன் திறப்பு ஹைப்ரிட்டின் தேவைக்கு அளந்து வெட்டியது. இந்த இன்ஜினுக்கு வெப்ப விஷயத்தில் ஏற்கெனவே பெயர் கெட்டிருக்கிறது. முந்தைய தலைமுறையான எஃப்கே8 சிவிக் டைப் ஆரை டிராக்கில் தொடர்ந்து அடித்தால் கூலன்ட் வெப்பம் ஏறும். இன்ஜினை ஆளும் கணினியான இசியூ முதலில் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பிறகு பூஸ்ட்டைக் குறைக்கும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் கார் திடீரென்று சோம்பலாகிவிட்டது என்பதுதான். 2020 மாடலில் ஹோண்டா கிரில் திறப்பை 13 சதவீதம் பெரிதாக்கி ரேடியேட்டரையும் மாற்றியது. கூலன்ட் வெப்பம் அதிகபட்சம் 10 டிகிரி வரை இறங்கியது. எஃப்எல்5-இல் திறப்பு இன்னும் பெரிதானது. பானெட்டில் ஒரு துவாரமும் வந்தது. ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று அதன் வழியே மேலே வெளியேறுவதால் குளிர்ச்சியும் கூடும், முன்பக்கம் தூக்கப்படுவதும் குறையும்.

ஆக, கே20சி1 வைத்த பிரெலூட்டுக்குப் புது பம்பர், புது பானெட், புது கூலிங் பேக் மூன்றும் கட்டாயம். ஹைப்ரிட்டின் பவர் எலக்ட்ரானிக்ஸுக்கான தாழ்வெப்ப ரேடியேட்டரை எடுத்துவிட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதை டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் விழுங்கிவிடும். கே தொடரில் இன்டேக் முன்பக்கம், எக்ஸாஸ்ட் ஃபயர்வால் பக்கம் என்பதால் டர்போ கேபின் சுவருக்கு ஒட்டி உட்காரும். அங்கே வெப்பக் கவசம், ஸ்டீயரிங் கியருக்குப் பாதுகாப்பு, கேபினுக்குக் கூடுதல் இன்சுலேஷன் என்று வேலை நீளும்.

அடுத்தது கியர்பாக்ஸ். பிரெலூட்டில் கியர் லீவரே கிடையாது, பட்டன்தான். ஆறு வேக மேனுவல் வேண்டுமென்றால் கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டருக்கான துளை, ஷிஃப்ட் கேபிள் போகும் வழி, புது சென்டர் கன்சோல் எல்லாம் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை சிவிக்கிடமிருந்து கடன் வாங்கக்கூடியவை. வலப்பக்க ஸ்டீயரிங்குக்கும் பெடல் பெட்டி உண்டு. இத்தோடு, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் ஹெலிகல் எல்எஸ்டியும் வந்துவிடும். இப்போதைய பிரெலூட் வளைவில் உட்சக்கரத்தை பிரேக் பிடித்துத்தான் சமாளிக்கிறது; 420 நியூட்டன் மீட்டருக்கு அது போதாது, பிரேக்கும் வீணாகச் சூடாகும். மேனுவல் இல்லாமல் டர்போவை மட்டும் போடலாமே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கே20சி1-க்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எந்தக் காரிலும் ஹோண்டா கொடுத்ததில்லை.

பெட்ரோல் டேங்க் சின்ன விஷயம்போலத் தெரியும். பிரெலூட்டில் 40 லிட்டர், எஃப்எல்5-இல் 47. டர்போவை டிராக்கில் ஓட்டினால் 40 லிட்டர் கண்ணெதிரே கரையும். பேட்டரியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பெரிய டேங்க் வைக்கலாம். ஆனால் எடைப் பங்கீடு முன்பக்கம் இன்னும் சாயும். எடையில் லாபம் உண்டு. என் கணக்கில் 1400 கிலோவை ஒட்டி நிற்கும்.

எக்ஸாஸ்ட்டையும் டைப் ஆரிலிருந்து அப்படியே எடுக்க முடியாது. சிவிக்கின் வீல்பேஸ் 2735 மில்லிமீட்டர், பிரெலூட்டினுடையது 2605. குழாய் 130 மில்லிமீட்டர் குறுகும்போது ஒலியதிர்வு நகரும், சைலன்சரை மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். அந்த 130 மில்லிமீட்டர் ஓட்டும் குணத்தையும் மாற்றும்: திருப்பினால் மூக்கு சட்டென்று உள்ளே வரும், ஆனால் சிவிக் தொடும் மணிக்கு 275 கிலோமீட்டரில் பின்பக்கம் அமைதியாக இருக்க இறக்கை வேண்டும். இப்போதைய வழவழப்பான பின்கோட்டில் ஒரு இறக்கையை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சற்று வயிற்றைக் கலக்குகிறது.

சத்தமும் சட்டமும்

பேசப்படவே படாத தடை இது. ஐநாவின் ஆர்51 ஒலி விதியின் மூன்றாம் கட்டத்தில் காருக்கான வரம்பு, திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. டன்னுக்கு 120 கிலோவாட் வரை 68 டெசிபெல், 120 முதல் 160 வரை 69, 160-க்கு மேல் 71. கணக்கில் ஓட்டுநருக்காக 75 கிலோ சேரும். 243 கிலோவாட், 1400 கிலோ கார் என்றால் 243-ஐ 1.475-ஆல் வகுக்க சுமார் 165. 71 டெசிபெல் வரிசையில் விழுகிறது. அடக்க ஒடுக்கமாக 300 பிஎஸ், அதாவது 221 கிலோவாட் என்று வைத்தால் விகிதம் 150. வரம்பு 69-க்கு இறங்கும். 30 பிஎஸ் குறைத்ததற்குத் தண்டனையாக 2 டெசிபெல் கூடுதல் அமைதி காட்ட வேண்டும், அதே அகல டயரோடு. இந்த அளவுகளில் சத்தத்தில் கணிசமான பங்கு டயருடையது என்பதால் 265 அகலம் வைத்துக்கொண்டு 69-ஐத் தொடுவது லேசு அல்ல. எனவே கே20சி1 வந்தால் திறனைக் குறைத்து நாகரிகமாக வரும் என்ற யூகத்தை நான் ஏற்கவில்லை. வந்தால் முழு 330-ஓடு வரும், இல்லையென்றால் வராது.

ஐரோப்பாவில் இன்னொன்றும் காத்திருக்கிறது. யூரோ 7 புகை விதி புது வகைக் கார்களுக்கு 2026 நவம்பர் 29 முதல் பொருந்தும். 2015-இல் முதன்முதலாக வந்த இன்ஜினை ஒரு சிறு எண்ணிக்கைக் கூபேக்காக அதற்கேற்ப மறுபடி சான்று பெறவைப்பது எந்தக் கணக்கிலும் தேறாது. ஐரோப்பிய டைப் ஆர் பிரெலூட்டை மறந்துவிடலாம். ஜப்பானும் அமெரிக்காவும் மட்டுமே மிச்சம்.

விலை? சிவிக் டைப் ஆர் 2022-இல் ஜப்பானில் 49,97,300 யென்னுக்கு வந்தது. பிரெலூட் ஹைப்ரிட்டே 61,79,800 யென். அதற்கு மேல் புது முகம், புது கூலிங், புதுச் சான்றிதழ் செலவு எல்லாம் ஏறினால் 70 லட்சத்துக்குக் கீழே நிறுத்த முடியாது. அந்தப் பணத்துக்கு யார் வாங்குவார்கள் என்பதைவிட, பக்கத்திலேயே நிற்கும் சிவிக் டைப் ஆரை யார் வாங்காமல் விடுவார்கள் என்றுதான் ஷோரூமில் கேள்வி எழும்.

எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்

2026 சூப்பர் ஜிடி பந்தயத்தின் ஜிடி500 பிரிவில் சிவிக்கின் இடத்தை பிரெலூட்-ஜிடி எடுத்துக்கொண்டதைப் பெரிய தடயமாகக் காட்டுகிறார்கள். அது பின்சக்கர டிரைவ், கார்பன் மோனோகாக், பந்தயத்துக்கென்றே செய்த 2 லிட்டர் டர்போ. சாலை பிரெலூட்டோடு பொருந்துவது முகச்சாயலும் பெயரும்தான். பெயர்ப் பதிவு ஆவணங்களும் அப்படியே. வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று நிறுவனங்கள் பயன்படுத்தாத பெயர்களையும் பதிந்து வைக்கும். கம்ப்யூட்டரில் வரைந்த படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒளிந்து எடுத்த படம் வந்தால் முதலில் கீழ் கிரில்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலைக்குப் பின்னால் நெருக்கமான அலுமினிய இறகுகள் கொண்ட அகலமான இன்டர்கூலர் தெரிகிறதா? அதுதான் டர்போவின் கையெழுத்து. பானெட்டின் மேல் துவாரமோ, துவாரத்தை மறைக்க ஒட்டிய டேப்போ இருந்தால் மதிப்பு இன்னும் கூடும். பெரிய பிரேக் இருக்கிறதே என்று துள்ள வேண்டாம். அது எல்லா பிரெலூட்டிலும் உண்டு.

டயர் நல்ல தடயம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிரெலூட்டின் 235/40 ஆர்19 டயரின் விட்டம் சுமார் 671 மில்லிமீட்டர். எஃப்எல்5-இன் 265/30 ஆர்19 வெறும் 642. டைப் ஆர் சக்கரத்தை அப்படியே மாட்டினால் விட்டம் 4.3 சதவீதம் குறைந்து கார் 14 மில்லிமீட்டருக்கு மேல் தாழும். வீல் ஆர்ச்சில் அசிங்கமான இடைவெளி தெரியும், ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும். ஹோண்டா உண்மையாகவே அகல டயர் போட நினைத்தால் 265/35 ஆர்19 தான் இயல்பான தேர்வு. அதன் விட்டம் 668, வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. படத்தில் டயரின் பக்கச்சுவரில் 35 என்ற எண் தெரிந்தால் யாரோ தீவிரமாக வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். 30 தெரிந்தால் பரிசோதனைக்குக் கிடைத்த சக்கரத்தை மாட்டிய வண்டி.

காணொளி என்றால் ஒலியைக் கேளுங்கள். சிக்னலில் நின்றபின் இன்ஜின் சீராக ஐடிலில் ஓடிக்கொண்டே இருந்து, கிளம்பும்போது ஆர்பிஎம் வேகத்தோடு சேர்ந்து ஏறி, கியர் மாறும் இடத்தில் தெளிவாக விழுந்தால் அது ஹைப்ரிட் இல்லை. கொஞ்சம் எச்சரிக்கை தேவை: எஸ்+ ஷிஃப்ட் போட்ட சாதாரண பிரெலூட்டும் கியர் மாறுவதுபோல் இன்ஜினை ஏற்றி இறக்கும், ஸ்பீக்கர் வழியாகவும் ஒலி சேர்க்கும். வெளியிலிருந்து பதிவான ஒலியை மட்டும் நம்புங்கள்.

காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இப்போதுள்ள பிரெலூட்டிலேயே கை வைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்டேக், எக்ஸாஸ்ட், ரீமேப் எதிலும் பணத்தைப் போடாதீர்கள். மேலே சொன்ன ஜெனரேட்டர், மோட்டார் வரம்புகள் அப்படியே நிற்கும்போது இன்ஜின் இன்னும் நாலு குதிரையை மூச்சாக இழுத்தாலும் சக்கரத்துக்கு உருப்படியாக எதுவும் வராது. பணம் பேசுவது டயரிலும் பிரேக் ஆயிலிலும்தான். டிராக்குக்குப் போவதாக இருந்தால் பழைய பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். டாட் 3-இன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஈரம் சேர்ந்தபின் இவை முறையே 140, 155, 180 ஆக விழும். ஹைப்ரிட்டில் பிரேக் பேட் தேயாததால் ஆயிலும் புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது தப்பு. ஆயில் ஈரம் இழுப்பதற்கும் பேட் தேய்மானத்துக்கும் சம்பந்தம் இல்லை. நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் ரீஜெனரேஷன் (மோட்டாரே பிரேக்காக வேலை செய்வது) நின்று மொத்தச் சுமையும் பேட் மேல் விழும், அதுவும் எதிர்பாராத நேரத்தில். பேட்டை மாற்றுவதென்றால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகையாக மாற்றுங்கள். முன்பக்கம் மட்டும் கடினமான பேட் போட்டால் குளிர்ந்திருக்கும்போது அது சரியாகப் பிடிக்காது. மின்பிரேக்கிலிருந்து உராய்வு பிரேக்குக்கு மாறும் இடத்தில் பெடல் தடுமாறுவது காலுக்கே தெரியும்.

என் பந்தயம் இதுதான். பிரெலூட்டுக்கு முதலில் வருவது ஹோண்டாவின் பந்தயப் பிரிவான எச்ஆர்சி பெயர் தாங்கிய பாகங்களும் ஒரு பதிப்பும்: கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங், லேசான சக்கரம், ஒட்டும் டயர், சீட், ஏரோ. திறன் அதே 200-இல் நிற்கும். இரண்டாவது வாய்ப்பு அடுத்த தலைமுறை ஹைப்ரிட்டோடு வரும் பின் மோட்டார், அதுவும் டைப் எஸ் என்ற பெயரில். கே20சி1 வருவதற்குப் பத்தில் ஒரு பங்கு கொடுப்பேன். வந்தாலும் இன்ஜினுக்கு விடைகொடுக்கும் வகையில் எண்ணி எடுத்த சில கார்களாக, ஜப்பானில் குலுக்கல் முறையில்.

இதை முன்கூட்டியே உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஜப்பானில் ஒவ்வொரு காருக்கும் ஒரு வகைக் குறியீடு கொடுப்பார்கள். இப்போதைய பிரெலூட்டினுடையது 6ஏஏ-பிஎஃப்1. சிவிக் டைப் ஆரினுடையது 6பிஏ-எஃப்எல்5. எண்ணுக்கு அடுத்து வரும் முதல் எழுத்து ஏ என்றால் ஹைப்ரிட், பி என்றால் பெட்ரோல் மட்டும். பாகப் பட்டியலிலோ டயர் கடைகளின் பொருத்த அட்டவணையிலோ பிஎஃப் வரிசைக்கு முன்னால் 6பிஏ என்று தென்பட்டால் மேலே எழுதியதில் பாதியை அழித்துவிட்டு நானும் வரிசையில் நிற்பேன். அதுவரை ஏஏ-தான்.